ஏழு இடமும் ஓர் ஆட்டுத் தலையும்

அக்தூபெக்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் ஊர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள். காற்று இருக்கிறது. மேற்கே காஸ்பியன் கடல், தெற்கே இருபது கிலோமீட்டரில் எல்லைக் கதவு, மற்ற இரண்டு பக்கமும் ஒட்டகம் மேயும் வெட்டவெளி. மீன் ஆலையை மூடிய பிறகு ஊரில் சத்தம் என்று ஒன்று கேட்டால் அதுவும் காற்றுதான்.

ஆனால் எஸ்தாயின் மகள் மர்ஜான் நகரத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவள். அவள் உட்கார்ந்து யோசித்து ஏழு கண்டுபிடித்துவிட்டாள். 'எல்லையோரத்து அமைதியான கடற்கரை ஊரில் நீங்கள் செய்ய வேண்டிய ஏழு' என்று தலைப்புப் போட்டு, படங்களோடு இணையத்தில் ஏற்றினாள். கலங்கரை விளக்கத்தில் ஏறலாம். மூடிக் கிடக்கும் மீன் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம். மணலில் செருகி நிற்கும் பழைய கப்பல் இருக்கிறது, கடல்நாய்கள் வெயில் காயும் பாறை இருக்கிறது. மேட்டில் கல்லறைத் தோட்டம், அங்கே செதுக்கிய கற்கள். பல்ஜியா வீட்டில் புளித்த ஒட்டகப் பால். ஏழாவதுக்கு எதுவும் அகப்படாமல், தன் வீட்டு ஆட்டுக்கறிச் சாப்பாட்டையே போட்டுவிட்டாள்.

"கல்லறையெல்லாம் எதுக்குடி போட்டே?" என்று எஸ்தாய் கேட்டான். மீன் ஆலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அதே வேனில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு திரிகிறான்.

"நம்ம ஊர்ல பார்க்க அழகா இருக்கிறதே அது ஒண்ணுதான்ப்பா. நம்ம தாத்தா கல்லைத்தான் படம் புடிச்சுப் போட்டிருக்கேன். அதுதான் நல்லா வெள்ளையா இருக்கு, எழுத்தும் தெளிவாத் தெரியுது."

அந்தக் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் எப்போதும் வேனுக்கு ஏதாவது கோளாறு என்று எழுந்து போய்விடுவான். அன்றைக்கும் போய்விட்டான்.

மே மாதம் மர்ஜானுக்கு ஒரு ஃபோன் வந்தது.

"ஒரு தாத்தா பேசினார்ப்பா. கதவுக்கு அந்தப் பக்கத்துக்காரர். எல்லைவாசிகளுக்கு மூணு நாள் அனுமதி குடுக்கறாங்கல்ல, அதுல வர்றாராம். ஏழும் பார்க்கணுமாம். ஒண்ணு விடாம."

"தனியாவா?"

"தனியாத்தான். பேரு சபார். வயசு எழுபத்தாறாம். கலங்கரை விளக்கத்துல படி ஏறுவீங்களான்னு கேட்டேன். ஏறிடுவேன் பாப்பா, இறங்கறதுதான் யோசனைன்னார்."

மறுநாள் காலை எஸ்தாய் வேனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனான். அந்தப் பக்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். கடைசியாக ஒரு கிழவர், நல்ல உயரம், கையில் ஒரே ஒரு துணிப்பை. வேன் அருகே வந்து நின்று எஸ்தாயை ஏற இறங்கப் பார்த்தார். பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, ஏறுவதற்காக இடது கையால் கதவைப் பிடித்தார்.

அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

வலை இழுக்கும் சக்கரத்தில் அந்த விரல்கள் போன அன்றைக்கு, சட்டைத் துணியைச் சுற்றி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே ஓடியவன் ஒன்பது வயது எஸ்தாய். அந்தக் கையை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"நீதான் எஸ்தாயா?" என்றார் கிழவர்.

"ஆமாங்கய்யா."

"நான் சபார்."

"தெரியும்யா. ஃபோன்ல சொன்னீங்களாமே."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் அவன் வண்டியைக் கிளப்பினான். நாற்பத்தாறு வயது மனிதன், பள்ளிக்கூடத்தில் திருட்டுப் பிடிபட்ட பையனைப் போல ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஏனென்றால், அக்தூபெக்கைப் பொறுத்தவரை அவன் அப்பா பெக்நசர் கடலில் மூழ்கிச் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு புயல் வந்தது. இரண்டு படகுகள் திரும்பவில்லை. அதற்கு முந்தின நாள் விடிகாலையில்தான் பெக்நசர், ஆலைக் கேன்டீனில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு, ஒரு டிரங்குப் பெட்டியோடு, உப்பு லாரியில் ஏறித் தெற்கே போனார். போனதைப் பார்த்தது ஒரே ஒருவன்தான். புறாக்களுக்குத் தீனி வைக்கக் கூரை மேல் ஏறியிருந்த எஸ்தாய். வந்து அம்மாவிடம் சொன்னான். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. மறுநாள் புயல் வந்து, ஊர்ப் பெண்களெல்லாம் கரையில் நின்று அழுதபோது அவளும் போய் நின்று அழுதாள். "என் வீட்டுக்காரரும் அந்தப் படகுலதான் போனார்" என்றாள். வீட்டுக்கு வந்து பையனிடம், "நீ எதையும் பார்க்கலை" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தில்தான் தெற்கே எல்லை என்று ஒன்று முளைத்தது. அவரை அங்கே பார்த்ததாக வந்து சொல்லவும் ஆள் வரத்து நின்றுபோனது.

அக்தூபெக் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தில் அவித்த ஆட்டுத் தலையை மதிப்புக்குரியவன் முன்னால் வைப்பார்கள். அவன் அறுத்துத் தானும் தின்று மற்றவர்களுக்கும் தருவான். ஆனால் அப்பன் உயிரோடு இருக்கிறவன் அந்தத் தலையைத் தொடக் கூடாது. எண்பது வயது ஆனாலும் அப்பன் இருந்தால் தொடக் கூடாது. அவனும் பிள்ளைதான், பிள்ளைகளுக்குக் காதுதான் உண்டு. பெக்நசரின் வருஷத் திதிச் சாப்பாட்டில், ஊர் முழுக்கக் கூடியிருக்க, பதினைந்து வயது எஸ்தாயின் முன்னால் தலையை வைத்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையசைத்தாள். அவன் கத்தியை எடுத்தான். அன்றிலிருந்து எத்தனை தலை! பெண் கேட்கப் போன இடத்திலும் அவன் தலையைத் தொட்டுத்தான் சாப்பிட்டான்.

அவனுக்கு இருபது வயதாகும்போது ஒரு லாரி டிரைவர் வந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் போனான். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. பதினாலு வயதுப் பையனுடைய காலுக்கு வாங்கியது. அம்மா அதைப் பக்கத்து வீட்டுத் துய்செக்கின் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அம்மா சாகும் தறுவாயில், "அவருக்கு ஒரு கல்லு வெச்சிடு. கல்லு இல்லாம இருந்தா ஊர் ஏதாவது பேசும்" என்றாள். எஸ்தாய் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லாகப் பார்த்து வாங்கி வைத்தான். அம்மா கற்றுத் தந்த பொய்க்கு மேல் அவன் தன் கையால் கட்டியது அது.

முதல் நாள் மூன்று இடம். கலங்கரை விளக்கத்தில் கிழவர் மூச்சு வாங்காமல் ஏறினார். மேலே காற்று தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. எஸ்தாய் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னான்: எப்போது கட்டியது, எத்தனை படி, வெளிச்சம் எத்தனை மைல் தெரியும்.

"படி நூத்துப் பதினெட்டுன்னா சொன்னே?"

"ஆமாங்கய்யா."

"நூத்துப் பத்தொன்பது. அடியில ஒண்ணு மண்ணுல புதைஞ்சு போச்சு போல."

மீன் ஆலையில் இன்னும் மோசம். இதுதான் உப்புத் தொட்டி என்று எஸ்தாய் காட்டினால், "இது பனிக்கட்டி அறை ஆச்சே" என்றார். கூரை பாதி இடிந்து, உள்ளே புறாக்கள் அடைந்திருந்தன. மூடி இத்தனை வருஷமாகியும் வாடை போகவில்லை. வலை இழுக்கும் சக்கரம் துருப்பிடித்து ஒரு மூலையில் கிடந்தது. கிழவர் அதன் அருகே போய் நின்றார். தன் கையைப் பார்த்தார். பிறகு எஸ்தாயைப் பார்த்தார்.

"அய்யா முன்னாடி இங்கே வந்திருக்கீங்களா?" என்று எஸ்தாய் கேட்டான். கேட்ட வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"எல்லைன்னு ஒண்ணு இல்லாத காலத்துல யாரு எங்கே வரல?" என்றார் கிழவர். அதோடு விட்டுவிட்டார்.

அந்த மனிதர் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் எஸ்தாய்க்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் இவனும் திருப்பித் திட்டியிருப்பான், விட்டுவிட்டு ஓடியவன் நீதானே என்று. அதற்கு அவன் முப்பத்திரண்டு வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தான். அவரோ கப்பலைப் பார்த்து "பாவம், நல்ல கப்பல்" என்றார். சாயங்காலம் வீட்டில் எஸ்தாயின் மனைவி உல்மெக்கன் கொடுத்த பால் தேநீரை ஆறு கிண்ணம் குடித்தார். மர்ஜானிடம் நகரத்துப் படிப்பைப் பற்றி விசாரித்தார். மர்ஜான் "தாத்தா, தாத்தா" என்று அவரிடம் ஒட்டிக்கொண்டாள். எஸ்தாய் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கெடாத எதையோ சரிசெய்துகொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் கடல்நாய்கள் நான்கு மட்டும் வந்திருந்தன. பாறையில் கிடந்து இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டன. அடுத்தது மேடு.

"மேட்டுல காத்து ரொம்ப அடிக்கும்யா. வேணும்னா நேரா ஒட்டகப் பாலுக்குப் போயிடலாம்."

"படத்துல பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார் கிழவர்.

கற்களுக்கு நடுவே அவர் தானாகவே நடந்தார். சிலவற்றின் முன்னால் நின்று பெயரை வாசித்து உள்ளங்கைகளை ஏந்தி வேண்டிக்கொண்டார். எல்லாம் தெரிந்த பெயர்கள். எஸ்தாயின் அம்மாவின் கல் முன்னால் வெகுநேரம் நின்றார், உதடு மட்டும் அசைந்தது. அதற்கு அடுத்ததுதான் வெள்ளைக் கல். 'கோஷன் மகன் பெக்நசர். கடல் கொண்டது.' கீழே ஒரு படகு செதுக்கியிருந்தது.

கிழவர் குனிந்து அந்தப் படகைத் தடவிப் பார்த்தார்.

"யாரு செதுக்கினது?"

"வடக்கேயிருந்து வரவழைச்ச ஆளுங்கய்யா."

"துடுப்பை நல்லாப் போட்டிருக்கான்." பிறகு கேட்டார்: "உடம்பு கிடைச்சுதா?"

எஸ்தாய்க்கு முகமெல்லாம் எரிந்தது. காற்றுக்குத் திரும்பிக்கொள்வதைப் போலத் திரும்பிக்கொண்டு, "கிடைக்கலைங்கய்யா" என்றான்.

"கிடைக்காது" என்றார் கிழவர். அந்தக் கல்லின் முன்னால் மட்டும் அவர் கையேந்தவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாடு. சாயங்காலம் நான்கு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள், அதற்குள் அவர் போயாக வேண்டும். எஸ்தாய் காலையிலேயே ஆட்டை அறுத்தான். உல்மெக்கன் தலையைத் தீயில் வாட்டி, ரோமம் போகச் சுரண்டி, பற்களை எடுத்துக் கழுவிக் கொப்பரையில் போட்டாள். மாவைத் தாம்பாளம் அகலத்துக்குத் தேய்த்துச் சதுரம் சதுரமாக வெட்டினாள். வெளியூர் விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டையும் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டாலும் துய்செக் வந்துவிடுவார்.

துய்செக்குக்கு அறுபத்திரண்டு வயது, கண்ணில் புரை விழுந்து எதிரில் இருப்பவர் முகம்கூட மங்கல்தான். புயலில் தப்பித் திரும்பிய மூன்றாவது படகில் இருந்தவர். வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"கல்லறையைப் பார்த்தீங்களா அய்யா? இவங்கப்பா கல்லு? அந்த ஆளைப் பத்தி இவன் சொல்ல மாட்டான், கூச்சம். நான் சொல்றேன் கேளுங்க."

"அண்ணே, அவர் சாப்பிடட்டும்" என்றான் எஸ்தாய்.

"சாப்பாடு எங்கேடா போகுது? அய்யா, அன்னைக்கு அலைன்னா அலை, வீட்டு உசரத்துக்கு. அவங்க படகு எங்களுக்குப் பக்கத்துலதான். பெக்நசர் அண்ணன் எந்திரிச்சு நிக்கறார். கையில கயிறு. தன் இடுப்புல கட்டியிருந்த கயிறுங்க. அதை அவுத்து எங்க படகுக்கு வீசறார். 'புடிச்சுக்கோடா துய்செக், சின்னப்பசங்களா இருக்கீங்க, பொழைச்சுப் போங்க'ங்கறார். இந்தக் கண்ணால பார்த்தேன். அந்தக் கயிறாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்து கறி திங்கறேன்."

கிழவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பெரிய மனுஷனாத்தான் இருந்திருக்கார்" என்றார்.

"மனுஷனா அது? தெய்வம்."

எஸ்தாய் எழுந்து கெண்டியை எடுத்தான். சாப்பிடும் முன் விருந்தாளிகளின் கையில் தண்ணீர் ஊற்றுவது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. கிழவர் கையை நீட்டினார். மூன்று விரல் கை. எஸ்தாய் ஊற்றினான், தண்ணீர் பாதி தரையில் போயிற்று. துவாலையோடு நின்ற உல்மெக்கன் அந்தக் கையைப் பார்த்தாள், புருஷனின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

தாம்பாளம் வந்தது. வெந்த மாவுச் சதுரங்கள், மேலே கறி, வெங்காயச் சாறு, எல்லாவற்றுக்கும் மேல் தலை. மூத்த விருந்தாளி என்று கிழவர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தார்கள். அவர் வாழ்த்துச் சொல்லி, வலது கன்னத்தில் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டார். வலது காதை அறுத்து மர்ஜானுக்குக் கொடுத்தார்.

"காது பிள்ளைங்களுக்கு. அப்பா பேச்சைக் கேக்கணும்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

பிறகு தலையை அப்படியே இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பி, எஸ்தாய் பக்கம் நீட்டினார். மிச்சத்தை வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதுதான் முறை.

"இந்தாப்பா. வீட்டுக்காரன் நீ அறு."

எஸ்தாய் கையை நீட்டவில்லை. துய்செக்கின் வாயில் கறி இருந்தது. அவர் மெல்லுவது மட்டும்தான் அறையில் கேட்டது.

"வாங்கிக்க" என்றார் கிழவர் மெதுவாக. "உங்கப்பாவைத்தான் கடல் கொண்டுபோயிடுச்சே. நீ தொடலாம்."

தான் செத்ததற்குத் தானே சாட்சி சொல்கிறார். இவனுக்கு வெட்கம் வரக் கூடாது என்று, இவன் வீட்டில், இவன் பெண்டாட்டி பிள்ளை முன்னால், இவன் பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மறுக்க வேண்டும் என்று எஸ்தாய்க்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் துய்செக் கேட்டுக்கொண்டிருந்தார். மர்ஜான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டான். கத்தியை எடுத்து அறுத்தான். இவ்வளவு வருஷம் தின்றதை விட அன்றைக்குத் தின்றதுதான் பெரிய துரோகம் என்று தெரிந்தே மென்று விழுங்கினான்.

எஸ்தாய் அவரைக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வண்டி நின்ற பிறகு கிழவர் பையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவை ஒரு டிரைவர்கிட்ட ஒரு ஜோடி பூட்ஸ் குடுத்துவிட்டேன். வந்து சேர்ந்துச்சா?"

எஸ்தாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "வந்துச்சு" என்றான்.

"பொருந்துச்சா?"

"பொருந்துச்சு."

"அளவு தெரியாம வாங்கினேன்." கிழவர் கதவைத் திறந்தார். "நான் குத்தம் சொல்ல வரலை. போனவன் நான், பேரையும் மாத்திக்கிட்டவன் நான். செத்துட்டான்னு சொன்னதுல உங்கம்மா மேல தப்பே இல்ல. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். பொண்ணை நல்லா வளர்த்திருக்கே."

"இன்னொரு தடவை வாங்க."

"இனி அனுமதி தர மாட்டாங்க. வயசானவன் போன இடத்துல விழுந்துட்டா யாரு பொறுப்பும்பாங்க." இறங்கி நின்று, குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அந்தக் கல்லை எடுத்துடாதே. நல்ல கல்லு. கொஞ்ச நாள்ல உபயோகப்படும்."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எஸ்தாய் வாயைத் திறந்தான். கூப்பிட வேண்டியது ஒரே சொல்தான், காற்றும் அந்தப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. கதவு மூடும் வரைக்கும் அவன் அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் உல்மெக்கன் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"என் மாமனார் போயிட்டாரா?"

எஸ்தாய் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அந்தக் கையைப் பத்தி உங்கம்மா எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுமா? எந்த ரெண்டு விரலு, எந்தக் கைன்னு. செத்தவரைப் பத்திச் சொல்ற மாதிரியா சொன்னாங்க? எனக்குத்தான் புரியலை." தேய்ப்பதை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மொதல்லேர்ந்தே."

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம அவரை நினைச்சு எண்ணெய் வெச்சு ரொட்டி பொரிக்கிறேன். செத்தவங்களுக்கு வாசனை போய்ச் சேரணும்னு. பத்து வருஷமா பனி உருகினா முதல் வேலையா அந்தக் கல்லைக் கழுவுறேன். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு. நீங்க பக்கத்துல நின்னு தண்ணி மொண்டு குடுத்தீங்க."

"அம்மா சொன்னா..."

"அம்மா மண்ணுக்குள்ள போய் பத்து வருஷம் ஆச்சு. இன்னைக்குத் தலையை அறுத்தது யாரு, அம்மாவா?"

அழுதிருந்தால் எஸ்தாய்க்கு நன்றாக இருந்திருக்கும், அழுகை வரவில்லை.

"இந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து அவருக்கு நான் பொரிக்க மாட்டேன்" என்றாள் உல்மெக்கன். "ஏன்னு யாராவது கேட்டா உங்களைக் கை காட்டிடுவேன். நீங்களே சொல்லிக்குங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை. சின்ன ஊர். "என்ன, மாவு தீர்ந்துபோச்சா?" என்று பல்ஜியா வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள். எஸ்தாய், "ஆமா, வாங்கணும்" என்றான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று என்று இந்த வயதிலும் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் துய்செக் வீட்டில் விருந்து. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். வழக்கப்படி பையனின் கால்களைக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, அதை அறுத்து நடக்கவிட்டார்கள். அவன் நான்கடி வைத்து உட்கார்ந்துகொண்டு ஊரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு ஆண்கள் எல்லோரும் பெரிய அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். துய்செக் தாமே தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குத் தலை எஸ்தாய்க்கு. செத்துக் கிடந்த ஊருக்கு ஆள் கூட்டிட்டு வர்றவன். போன தடவை அந்தச் சபார் அய்யா வந்தாரே, என்ன மரியாதையான மனுஷன்."

தலை அவனைப் பார்த்து வைக்கப்பட்டது. கத்தியும் வந்தது.

"நான் தொடக் கூடாதுண்ணே" என்றான் எஸ்தாய்.

"ஏண்டா, பல்லு வலியா?"

"எனக்கு அப்பா இருக்கார்."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். எஸ்தாய் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், நிமிர்ந்து சொல்ல அவனால் முடியவில்லை.

"அப்பா படகுல போகலை. புயலுக்கு முந்தின நாளே லாரியில போயிட்டார், ஒரு பொம்பளையோட. நான் கூரை மேலேர்ந்து பார்த்தேன். தெரிஞ்சேதான் உங்க எல்லாருக்கும் திதிச் சோறு போட்டோம். தெரிஞ்சேதான் கல்லு வெச்சேன். இத்தனை நாளும் தெரிஞ்சேதான் தலையைத் தின்னேன்."

வெளியே பெண்கள் பேசுவது நின்றுபோயிருந்தது.

"அந்தச் சபார்..." என்றார் துய்செக்.

"ஆமாண்ணே."

துய்செக்கின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. காது வரைக்கும் சிவந்தது.

"அவருகிட்டயே சொன்னேனேடா" என்றார். "அந்தக் கயித்துக் கதையை. அவருகிட்டயே."

மூலையிலிருந்து ஒருவர், "கண்ணால பார்த்தேன்னியே துய்செக்" என்றார். முப்பது வருஷமாக அந்தக் கயிற்றை விருந்துக்கு விருந்து வீசிக்கொண்டிருந்த மனிதர், தாம்பாளத்தின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

இடத்தை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எஸ்தாயே எழுந்தான். அப்பன் உள்ள பிள்ளைகள் உட்காரும் வாசல் பக்கத்துக்குப் போய், மீசை முளைக்காத நான்கு பேருக்கு நடுவில் உட்கார்ந்தான். அவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். தலையைத் துய்செக் பக்கம் திருப்பி வைத்தார்கள்.

துய்செக் கத்தியை எடுத்தார். காதை அறுத்தார். பேரனுக்குத்தான் கொடுப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து அறையைக் கடந்து வாசல் பக்கம் வந்தார். குனிந்து கையை நீட்டினார். எஸ்தாயின் கண்ணை அவரும் பார்க்கவில்லை, அவர் கண்ணை இவனும் பார்க்கவில்லை.

"இந்தா" என்றார்.

நரைத்த தலையோடு எஸ்தாய் இரண்டு கையையும் ஏந்திக் காதை வாங்கி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றான்.